யுகேவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியான ஐஎல்ஆருக்கு இன்னும் 14 மாதம்தான், இப்போது கம்பெனி மாறலாமா?

பாரியூர்பையன்
2026 ஜனவரி 18

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துங்க. கோபியில் எங்கள் தோட்டத்துச் சாளைத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நோம்பிக்கு வந்த ஒரம்பரை எல்லாம் நேற்றோடு கிளம்பிவிட்டார்கள். வீடு அமைதியானதும் தலைக்குள் இருந்த குழப்பம் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

2022 மார்ச்சில் ஸ்கில்டு வொர்க்கர் விசா வாங்கி கவென்ட்ரி பக்கம் ஒரு கம்பெனியில் டிசைன் இன்ஜினியராகச் சேர்ந்தேன். முதலில் 3 வருட விசா, போன வருடம் பிப்ரவரியில் அதே கம்பெனி இன்னும் 2 வருடம் நீட்டிக் கொடுத்தது. 2027 மார்ச்சில் 5 வருடம் முடியும், ஐஎல்ஆர் போடலாம் என்று நானும் வீட்டுக்காரியும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். வருடச் சம்பளம் 34,000 பவுண்டு. இப்போது டெர்பியில் ஒரு கம்பெனி 43,000 தருகிறேன், ஸ்பான்சரும் செய்கிறேன் என்று ஆஃபர் லெட்டர் அனுப்பியிருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சேரச் சொல்கிறார்கள். எனக்கு 2 மாத நோட்டீஸ்.

அப்பா ஒரே பிடியாக நிற்கிறார், "பச்சை மஞ்சளைத் தோண்டி எடுத்து விற்கிறவன் உண்டா, இன்னும் ஒரு வருசம் பல்லைக் கடிச்சுட்டு இரு" என்கிறார். கம்பெனி மாறினால் 5 வருடக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்று ரூம்மேட்டாக இருந்த பையனும் சொல்கிறான். சம்பளம் குறைந்தது 41,700 பவுண்டு இருக்க வேண்டும் என்ற புது விதி எனக்கும் பொருந்துமா என்றும் தெரியவில்லை. போதாக்குறைக்கு எங்கள் எச்ஆர், இப்போது விட்டால் போன வருட விசா செலவு 5,136 பவுண்டைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று மெயில் போட்டிருக்கிறார். அந்தத் தொகையைப் பார்த்ததும் பொங்கல் இறங்கவில்லை.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். அப்பாவுக்கு 2024ல் பைபாஸ் நடந்தபோது பண்ணாரியில் குண்டம் இறங்குகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். இந்தப் பங்குனியில் இறங்க வேண்டும். விசா மாற்றத்துக்கு இங்கே கோபியிலிருந்தே விண்ணப்பம் போட்டுவிட்டு, குண்டம் முடித்துவிட்டுப் போகலாமா?


டெர்பிவாசி
2026 ஜனவரி 18

தம்பி, முதலில் மூச்சு விடு. கம்பெனி மாறினால் 5 வருடக் கணக்கு அழியாது. அந்தக் கணக்கு உன் கம்பெனியோடது இல்லை, உன்னோடது. செல்லுபடியாகும் விசாவில் விடாமல் இருந்திருக்கிறாயா, எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியில் இல்லாமல் இருந்தாயா, ஐஎல்ஆர் போடும் அன்று லைசென்ஸ் உள்ள ஸ்பான்சர் ஒருவர் "இவர் இனியும் எங்களுக்குத் தேவை, இன்ன சம்பளம் கொடுக்கிறோம்" என்று லெட்டர் தருகிறாரா, இதைத்தான் பார்ப்பார்கள். நான் 2019ல் டயர் 2 ஜெனரல் விசாவில் வந்தேன், 2020 டிசம்பரில் அது ஸ்கில்டு வொர்க்கர் என்று பெயர் மாறியது, நடுவில் இரண்டு கம்பெனி தாவினேன், 2024ல் ஐஎல்ஆர் கையில். புதுக் கம்பெனியில் குறைந்தது இத்தனை மாதம் இருந்திருக்க வேண்டும் என்று விதியும் கிடையாது. ஆனால் புரொபேஷனில் இருக்கும்போது வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் லெட்டர் தர ஆள் இருக்காது, அதனால் புரொபேஷன் எத்தனை மாதம் என்று ஆஃபர் லெட்டரில் பார்த்துக்கொள்.

அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த வருடம் எத்தனை நாள் ஊரில் இருந்தாய்? கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கணக்கில் வராது, முழு நாள்கள் மட்டும்தான். ஊரிலிருந்து லேப்டாப்பில் வேலை செய்தேன் என்பது எடுபடாது, அதுவும் வெளியில் இருந்த நாள்தான்.

இப்போது முக்கியமானது, வரிசை. நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். இரண்டாவது முறை மாறும்போது ஆஃபர் லெட்டரை நம்பி நோட்டீஸ் கொடுத்துவிட்டேன், கடைசி நாளும் முடிந்துவிட்டது. புதுக் கம்பெனிக்காரர் அப்புறம்தான் சொல்கிறார், "எங்களிடம் இந்த வருட ஒதுக்கீட்டில் சிஓஎஸ் (விசா போட ஸ்பான்சர் தர வேண்டிய பதிவு) தீர்ந்துவிட்டது, கூடுதலாகக் கேட்டிருக்கிறோம்" என்று. அதற்கு 18 வாரம் வரை கூட ஆகலாம் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். பழைய கம்பெனி 10 வேலை நாளுக்குள் ஹோம் ஆஃபீஸுக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டது. கொஞ்ச நாளில் உன் விசா இன்னும் 60 நாள்தான் என்று மெயில் வந்தது. வீட்டுக்காரி அப்போது ஏழு மாதம். தினமும் ராத்திரி மூணு மணிக்கு எழுந்து மெயில் பார்ப்பேன், அரிசிம்பருப்பு தவிர வேறெதுவும் சமைத்ததாக நினைவில்லை. 41ஆம் நாள் சிஓஎஸ் வந்தது, அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன். விசா ஒரு நாளும் விட்டுப்போகாததால் 5 வருடக் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிதான் கொட்டியது.

ஆகவே சிஓஎஸ் கைக்கு வரும்வரை மேனேஜரிடம் வாயைத் திறக்காதே. ஆஃபர் லெட்டர் என்பது ஆஃபர் லெட்டர்தான். புது வேலை தொடங்கும் தேதிக்கு 3 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பழைய கம்பெனியில் நோட்டீஸ் காலம் வேலை செய்யலாம், புது விசா வந்த பிறகுதான் புது இடத்தில் கால் வைக்கலாம்.

கோபியிலிருந்து போட முடியாது. உள்ளே இருந்து மாற்றும் விண்ணப்பம் என்றால் நீ யுகே மண்ணில் இருக்க வேண்டும். போட்ட பிறகு முடிவு வரும்வரை வெளிநாடு போகவும் கூடாது, போனால் விண்ணப்பத்தை நீயே வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். பண்ணாரியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.


கணக்குப்புள்ளி
2026 ஜனவரி 18

நான் சரவணம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு யுகே கம்பெனிகளுக்கு பேரோல், எச்ஆர் வேலை பார்க்கிறவள். உங்கள் எச்ஆர் அனுப்பிய 5,136ஐப் பிரித்துப் பார்த்தேன், பில் எப்படி வந்தது என்று கண்ணில் தெரிகிறது. 2025 பிப்ரவரியில் 2 வருட நீட்டிப்பு என்றால் விண்ணப்பக் கட்டணம் 827, ஐஎச்எஸ் என்கிற மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் 2,070, ஸ்பான்சர் கட்ட வேண்டிய இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் பெரிய கம்பெனிக்கு வருடம் 1,000 வீதம் 2,000, சிஓஎஸ் கட்டணம் 239. கூட்டுங்கள், சரியாக 5,136.

இதில் ஸ்கில்ஸ் சார்ஜை வேலைக்காரர் தலையில் கட்டவே கூடாது, எப்போதுமே கூடாது. 2024 டிசம்பர் 31 முதல் கொடுத்த சிஓஎஸ்ஸுக்கு அதன் கட்டணத்தையும் கேட்கக் கூடாது, உங்களுடையது பிப்ரவரி. ஆக 2,239 போய்விட்டது. மீதி 2,897, அது உங்கள் விசா கட்டணமும் ஐஎச்எஸ்ஸும். அதை அவர்கள் கட்டியிருந்து, காண்ட்ராக்டில் திருப்பித் தர வேண்டும் என்று நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் கேட்கலாம். ஆனால் பல காண்ட்ராக்டில் மாதா மாதம் குறைந்துகொண்டே வரும்படி எழுதியிருப்பார்கள், அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். சண்டை போட வேண்டாம், "இந்த இரண்டு தலைப்பும் ஸ்பான்சர் விதிப்படி என்னிடம் வசூலிக்கக் கூடாதவை, திருத்திய கணக்கு அனுப்புங்கள்" என்று ஒரு வரி மெயில் போதும். லைசென்ஸுக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள். மிச்சத்தைப் புதுக் கம்பெனியிடம் சேரும் போனஸாகக் கேட்டுப் பாருங்கள், கொடுக்கிற இடங்கள் உண்டு.

சம்பள விஷயம். 2024 ஏப்ரல் 4க்கு முன்பே சிஓஎஸ் வாங்கி, அன்றிலிருந்து ஸ்கில்டு வொர்க்கராகவே தொடர்கிறவர்களுக்கு 41,700 இல்லை. 2025 ஜூலை 22 முதல் அவர்களுக்குப் பொது வரம்பு 31,300. வேலைக் குறியீட்டுக்கான சம்பள அட்டவணையிலும் உங்களுக்குக் குறைந்த பட்டியல்தான் பொருந்தும், கம்பெனி மாறினாலும் அந்தச் சலுகை கூடவே வரும். 43,000க்குப் பயமில்லை என்றாலும் வார நேரத்தைக் கவனியுங்கள், அட்டவணையில் இருப்பது 37.5 மணி நேரக் கணக்கு. காண்ட்ராக்டில் 40 என்று போட்டிருந்தால் வரம்பும் அதே விகிதத்தில் ஏறும்.

சிஓஎஸ் என்று சொன்னாலும் சட்டம் போட்டு மாட்டுகிற சான்றிதழ் இல்லை, சிஸ்டத்தில் இருக்கும் ஒரு பதிவும் அதன் எண்ணும்தான். கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு எச்ஆர் ஓடிவிடுவார், விவரங்களை பிடிஎஃப்பாகக் கேட்டு வாங்குங்கள். போன மாதம் ஒருவருக்கு வார நேரம் 39க்குப் பதில் 93 என்று விழுந்திருந்தது, நல்லவேளை அவரே பார்த்தார். விண்ணப்பிக்கும் முன்னால் என்றால் ஸ்பான்சர் ஒரு குறிப்புச் சேர்த்துச் சரிசெய்துவிடலாம்.


ராசிபுரத்து அம்மணி
2026 ஜனவரி 19

மாறுவதைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள், எந்தக் கம்பெனிக்கு மாறுகிறோம் என்பதை நான் சொல்கிறேன். நான் சீனியர் கேரர், 2023ல் வந்தேன். அந்த கேர் கம்பெனி பெயரைச் சொல்ல விருப்பமில்லை. வாரம் 39 மணி நேரம் என்று காண்ட்ராக்ட், ரோட்டாவில் (வார வேலைப் பட்டியலில்) வந்தது 16, சில வாரம் 9. கேட்டால் அடுத்த மாதம் சரியாகும் என்பார்கள். 2024 கடைசியில் அவர்கள் லைசென்ஸே ரத்தானது. எனக்கு 60 நாள் லெட்டர் வந்தபோது கையில் 210 பவுண்டு, ஊரில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் மாமன் பணம் அனுப்பித்தான் சாப்பிட்டேன்.

அந்த 60 நாளில் நூற்றுக்கும் மேல் விண்ணப்பம் போட்டேன். காப்பாற்றியது ஒரு சின்னப் பழக்கம்தான், முதல் நாளிலிருந்து ஒவ்வொரு வார ரோட்டாவையும் போனில் படம் பிடித்து, பே ஸ்லிப்போடு ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தேன். புது இடத்தில் இன்டர்வியூ எடுத்தவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வேலைக்கு வராமல் சம்பளம் குறையவில்லை, அவர்கள்தான் வேலை கொடுக்கவில்லை என்று நம்பினார். எங்களுக்கு ஐஎச்எஸ் கிடையாது, கட்டணமும் குறைவு, அந்த மட்டில் தப்பித்தேன்.

கேர் வேலையில் இருப்பவர்கள் யாராவது படித்தால்: வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை 2025 ஜூலை 22ல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் உள்ளே இருப்பவர்கள் 2028 ஜூலை 22 வரை மாறலாம். தள்ளிப்போடாதீர்கள்.

தம்பிக்கு என் பங்கு இவ்வளவுதான். அரசாங்கம் ஸ்பான்சர் பட்டியலை வெளியிடுகிறது, அதில் டெர்பி கம்பெனி ஏ ரேட்டிங்கோடு இருக்கிறதா என்று பார். கம்பெனிகளைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் இலவசமாகவே கணக்கு வழக்கு பார்க்கலாம், கடனில் மூழ்கிக் கிடக்கிறதா என்று தெரிந்துவிடும். பொண்ணு பார்க்கப் போகும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோம், கம்பெனியை விசாரிக்க மாட்டோமா?


மஞ்சக்காட்டு மாமா
2026 ஜனவரி 19

என் மகனும் அங்கேதான் இருக்கிறான், அதனால் இந்த மாதிரி எழுத்தெல்லாம் விடாமல் படிப்பேன். காந்திபுரத்தில் ஒரு ஆபீஸில், யுகே கம்பெனி மாற்றித் தருகிறோம், சிஓஎஸ்ஸுக்கு 8 லட்சம் ஆகும் என்று பையனுக்காக என்னிடமே பேரம் பேசினார்கள். மஞ்சள் ஏலத்தில் கூட விரலியைக் கையில் உடைத்துப் பார்த்துத்தான் விலை கேட்போம், இவர்கள் இல்லாத சரக்குக்கு விலை சொல்கிறார்கள். சாமிகளா, சிஓஎஸ் காசுக்கு விற்கிற பொருள் இல்லை. யுகேவில் விசா ஆலோசனை சொல்லிக் காசு வாங்க ஐஏஏ என்கிற அமைப்பில் பதிந்திருக்க வேண்டும், அல்லது வக்கீலாக இருக்க வேண்டும் என்று மகன் சொன்னான். முன்னால் ஓஐஎஸ்சி என்று பெயர் இருந்ததாம்.

உங்கள் அப்பாவைத் தப்பாக நினைக்காதே கண்ணு, எங்களுக்கெல்லாம் அரசாங்கக் காகிதம் என்றாலே தொடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றும்.


பாரியூர்பையன்
2026 ஜனவரி 19

எல்லாருக்கும் நன்றிங்க. 2024ல் 94 நாள் வெளியில் இருந்தேன், பாஸ்போர்ட் முத்திரையை எல்லாம் அடுக்கி வைத்து அம்மா கூட உட்கார்ந்து எண்ணினார். அப்பாவிடம் "கணக்கு கம்பெனியோடது இல்லை, உன்னோடது" என்பதைப் படித்துக் காட்டினேன், "அப்படின்னா சரி" என்று ஒரே வார்த்தை.

காண்ட்ராக்டைத் தேடி எடுத்தேன். கணக்குப்புள்ளி அக்கா சொன்னது போலவே இருக்கிறது, 24 மாதத்துக்கு மாதா மாதம் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். அதை எச்ஆர் மெயிலில் வசதியாக மறந்துவிட்டார்கள்.

இன்னும் ஒரே பயம். 5 வருடத்தை 10 ஆக்கப்போகிறார்கள் என்கிறார்களே, கம்பெனி மாறினால் அந்தப் புது விதிக்குள் நானே போய் விழுந்த மாதிரி ஆகிவிடாதா?


டெர்பிவாசி
2026 ஜனவரி 20

ஆகாது. இதைத்தான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டு பிடிக்காத வேலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2025 மே மாதம் வெள்ளை அறிக்கையில் 10 வருடம் என்று சொன்னார்கள், நவம்பர் 20ல் விரிவான திட்டத்தை வைத்துக் கருத்துக் கேட்க ஆரம்பித்தார்கள், 2026 பிப்ரவரி 12 வரை நேரம். நீயும் எழுது, ஆன்லைனில்தான். அதில் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறார்கள். அது அப்படியே சட்டமானால் மாறியவனுக்கும் மாறாதவனுக்கும் ஒரே அடிதான், நீ ஐஎல்ஆர் போடும் அன்றைக்கு என்ன விதி இருக்கிறதோ அதுதான். பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்ததற்குச் சலுகை கிடையாது. இன்னும் சொன்னால், 50,270 பவுண்டுக்கு மேல் 3 வருடம் வாங்கியிருந்தால் 5 வருடம் குறைப்போம் என்று அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. 34லிருந்து அங்கே போவதா, 43லிருந்து போவதா? ராசிபுரத்து அம்மணி மாதிரி வேலையில் இருப்பவர்களுக்கு 15 வருடம் என்று எழுதியிருக்கிறார்கள், அதைப் படித்த அன்றைக்கு எனக்கே வயிறு எரிந்தது.

அதனால் புது சிஓஎஸ்ஸை 2027 மார்ச்சோடு நிறுத்தச் சொல்லாதே, 3 வருடமாகக் கேள். 3 வருடம் வரை விண்ணப்பக் கட்டணம் ஒன்றேதான், இந்த 2026 ஜனவரிக் கணக்கில் 885. ஐஎச்எஸ் 3,105 ஆகும், மொத்தம் 3,990. அவர்கள் கட்டினால் நல்லது. கம்பெனி தயங்கினால் அதற்கும் காரணம் உண்டு, ஸ்கில்ஸ் சார்ஜ் டிசம்பர் 16 முதல் பெரிய கம்பெனிக்கு வருடம் 1,320 ஆகிவிட்டது. வீட்டுக்காரி விசா அதன் தேதி வரை ஓடும், இப்போதே சேர்த்துப் போடலாம், இல்லை அது முடிவதற்குள் போடலாம்.

லைஃப் இன் தி யுகே பரீட்சையை இப்போதே எழுதி முடித்துவிடு. 50 பவுண்டு, 24 கேள்வி, 18 சரியாக இருந்தால் போதும், ஒரு முறை தேறினால் காலாவதி கிடையாது.


பாரியூர்பையன்
2026 ஜனவரி 20

சரிங்க, முடிவு பண்ணியாச்சு. 25ஆம் தேதி போய் இறங்கியதும் டெர்பியில் சிஓஎஸ் கைவசம் இருக்கிறதா என்று முதலில் கேட்கிறேன். வந்ததும் சரிபார்த்து விண்ணப்பம், அப்புறம்தான் நோட்டீஸ். சாதாரணமாக 8 வாரம் என்கிறார்கள், அப்படியென்றால் பங்குனி முழுக்க நான் நகர முடியாது. அம்மாவிடம் சொன்னேன், "அடுத்த பங்குனிக்கு இறங்கிக்க சாமி, பண்ணாரி எங்கயும் போயிட மாட்டா" என்றார். அதுவே நல்ல யோசனையாகப் பட்டது.


டெர்பிவாசி
2026 ஜனவரி 20

அடுத்த பங்குனி 2027 மார்ச். அப்போது ஐஎல்ஆர் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாய், அதற்கும் இதே கதைதான், முடிவு வரும்முன் வெளியே போனால் வாபஸ். இந்த வருடமே 500 பவுண்டு கூடக் கட்டி பிரயாரிட்டியில் போடு, 5 வேலை நாளில் முடிவு வந்துவிடும், குண்டமும் இறங்கிவிடலாம். அந்த ஸ்லாட் எப்போதும் திறந்திருக்காது, காலையில் பார். டிக்கெட்டை மட்டும் முடிவு மெயில் வந்த பிறகு போடு.


பாரியூர்பையன்
2026 ஜனவரி 20

அதை யோசிக்கவே இல்லைங்ணா. அம்மாவிடம் காட்டினேன், நாளையிலிருந்து எனக்கு வீட்டில் கறி கிடையாதாம், விரதம் இப்போதே ஆரம்பம் என்கிறார். இன்னும் ரெண்டு மாசம் இருக்குதே என்றால் யார் கேட்கிறார்கள்.